200-க்குக் கீழே இருந்தால் போதுமா? கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை முழுசாகப் படிப்போம்!

மாஸ்டர் செக்கப் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் நேராகப் போவது ஒரே வரிக்குத்தான்: மொத்த கொலஸ்ட்ரால். அது 200-க்குக் கீழே இருந்தால், காகிதம் மடிக்கப்பட்டு பீரோவுக்குள் போய்விடும். 200-ஐத் தாண்டியிருந்தால் மறுநாளே வீட்டில் முட்டை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் நிற்கும். நெய் டப்பா எட்டாத தட்டுக்கு ஏறும். ஆனால், மத்தியானம் தட்டில் விழும் சோறு குறையாது. சாயங்காலம் டீயோடு வரும் இரண்டு பஜ்ஜியும் குறையாது. இந்த இரண்டு வகைக்காரர்களுமே ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கவில்லை. ஒருவர் காரணமில்லாமல் நிம்மதியடைந்துவிட்டார். இன்னொருவர் முக்கியமானதை விட்டுவிட்டு வேறு எதையோ நிறுத்திவிட்டார்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, லோடு வேன் ஓட்டும் 42 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொப்பை உண்டு, சிகரெட்டும் உண்டு. மொத்த கொலஸ்ட்ரால் 196. டிரைகிளிசரைடு 220. ஹெச்.டி.எல். 32. வி.எல்.டி.எல். 44. எல்.டி.எல். 120. முதல் வரியில் நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. 196-தானே, 'நார்மல்' என்று வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்போது ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். மொத்தத்திலிருந்து 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல்.லைக் கழியுங்கள். 196-லிருந்து 32 போனால் 164. இதற்கு 'நான்-ஹெச்.டி.எல்.' என்று பெயர். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கக்கூடிய எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை இது. பெரிய ஆபத்து எதுவும் இல்லாத ஒருவருக்கே இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஓட்டுநருக்கு 34 கூடுதல். பல லேப்கள் இந்த எண்ணை அச்சிடுகின்றன; சில அச்சிடுவதில்லை. அச்சிடாவிட்டால் நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது என்பது இதிலுள்ள இன்னொரு வசதி.

'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். என்று ரிப்போர்ட்டில் இருக்கும் எண், பல நேரங்களில் நேரடியாக அளக்கப்பட்டதல்ல. கணக்குப் போட்டு வந்தது. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் ஹெச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். ஃப்ரீட்வால்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1972-ல் வெளியிட்ட சூத்திரம் அது. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு தடுமாறும்; 400-ஐத் தாண்டினால் நம்பவே முடியாது. அப்படி இருந்தால், 'டைரக்ட் எல்.டி.எல்.' எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ஊர்க் கொழுப்பின் குணம்

நான் கற்பனை செய்த இந்த ஓட்டுநர் நம் ஊருக்குப் புதியவர் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தும் 'இண்டியாப்' ஆய்வு இதைத்தான் சொன்னது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களின் ரத்த முடிவுகள் 2014-ல் வெளியாயின. மொத்த கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். எல்.டி.எல். கூடியவர்கள் 11.8 சதவீதம். ஆனால், ஹெச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதம்! டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். ஏதோ ஒரு கொழுப்பு எண்ணாவது சரியில்லாதவர்கள் 79 சதவீதம். நாடு முழுக்க ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2023-ல் வந்த முடிவில் அது 81.2 சதவீதமாக இருந்தது.

ஹெச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல், தொப்பை, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை... இவை ஒன்றாகச் சேர்ந்து வருவதுதான் நம் பகுதியின் வழக்கம். இந்தச் சேர்க்கையில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. டிரைகிளிசரைடு கூடினால் எல்.டி.எல். துகள்கள் சிறியவையாகவும் அடர்த்தியாகவும் மாறுகின்றன. அதே அளவு கொலஸ்ட்ராலைச் சுமக்க அதிக எண்ணிக்கையில் துகள்கள் ஓடுகின்றன. ரிப்போர்ட்டில் எல்.டி.எல். அடக்கமாகத் தெரியும். ரத்தக்குழாய்ச் சுவரை முட்டும் துகள்களோ அதிகம் இருக்கும்.

இதன் விலையை நாம் வயதில் கொடுக்கிறோம். கனடாவைச் சேர்ந்த, கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியர்களுக்கு 53. மற்றவர்களுக்கு 58-க்கும் மேல். அந்த ஐந்தாண்டுகள் பெரும்பாலும் மகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் பாக்கி இருக்கும் ஆண்டுகள்.

எந்த எண் யாருக்கு?

கார்டியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா, கொழுப்புக் கோளாறுகளுக்கென்று இந்தியர்களுக்கான வழிகாட்டுதலை 2024 ஜூலையில் வெளியிட்டது. அதன் முக்கியமான செய்தி, எல்லோருக்கும் ஒரே 'நார்மல்' கிடையாது என்பது. சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்றவை இருந்து அதிக ஆபத்துப் பட்டியலில் வருபவர்களுக்கு 70-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் 55-க்குக் கீழ். நான்-ஹெச்.டி.எல்.லுக்கு இவற்றோடு தலா 30 கூட்டிக்கொள்ளலாம்.

ஸ்டென்ட் வைத்த அப்பாவின் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 95 என்று இருந்தால், லேப் அதை 'நார்மல்' என்றே அச்சிடும். அந்த அச்சு பொதுவான அட்டவணையைப் பார்த்து வந்தது. அப்பாவின் இதயத்தைப் பார்த்து வந்ததல்ல. அவருக்கு 95 என்பது கூடுதல். 'உங்க வயசுக்கு இதெல்லாம் நார்மல்தான்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். 'எங்க அப்பாவுக்கு இலக்கு எவ்வளவு டாக்டர்?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு இதய நோயாளியின் குடும்பமும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

நல்ல கொலஸ்ட்ரால் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெச்.டி.எல். குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளம் என்பது உண்மை. ஆனால், அதை மருந்து கொடுத்து ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்று பெரிய நிறுவனங்கள் போட்ட கணக்கு பலிக்கவில்லை. ஹெச்.டி.எல்.லை வெகுவாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, அதை எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-ல் நிறுத்தப்பட்டது. அதனால் ஹெச்.டி.எல்.லை ஏற்ற மாத்திரை, டானிக், பவுடர் என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். சிகரெட்டை விடுவது, நடப்பது, தொப்பையைக் குறைப்பது ஆகியவைதான் வழி. இவை ஹெச்.டி.எல்.லைக் கொஞ்சம்தான் ஏற்றும். ஆனால், அதோடு சேர்த்து மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கொலஸ்ட்ரால் விஷமல்ல. ஒவ்வொரு செல்லின் உறைக்கும் அது வேண்டும். ஆண், பெண் ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும், செரிமானத்துக்கான பித்த அமிலங்களும் அதிலிருந்துதான் உருவாகின்றன. தேவையானதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதில் முதன்மை. சாப்பாட்டிலிருந்து வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

இதயக்குழாய் அடைப்பு என்றவுடன் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போல நினைக்கிறோம். அந்தப் படம் தவறு. கொழுப்பு குழாயின் உள்பரப்பில் ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளே புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வெள்ளை அணுக்கள் வருகின்றன, விழுங்கி அங்கேயே மடிகின்றன, அழற்சி உண்டாகிறது, மேலே மெல்லிய தோல் மூடுகிறது. சீழ் கோத்த ஒரு கட்டியைப் போல அது பல வருடம் வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் மேல்தோல் கிழியும். உள்ளே இருப்பது ரத்தத்தோடு கலந்த நொடியில் அங்கே ரத்தம் உறையும். சில நிமிடங்களில் குழாய் முழுதாக அடைபடும். அதுதான் மாரடைப்பு.

'போன மாசம்தான் ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தார், எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே!' என்று துக்க வீட்டில் கேட்டிருப்போம். பொய்யில்லை. உடையும் கட்டிகளில் பல, குழாயைப் பாதிகூட அடைக்காதவை. ஓடும்போது ரத்தம் தாராளமாகப் போகும், இ.சி.ஜி.யிலும் எதுவும் தெரியாது. கட்டி எத்தனை பெரியது என்பதைவிட, அதற்குள் எவ்வளவு கொழுப்பும் அழற்சியும் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. எல்.டி.எல்.லைக் குறைத்தால் உள்ளிருக்கும் கொழுப்பு வற்றுகிறது, மேல்தோல் தடிக்கிறது, கிழிவது குறைகிறது.

இதில் காலமும் சேர்கிறது. எல்.டி.எல். 140 என்பது 60 வயதில் புதிதாக வந்தால் ஒரு கதை. 25 வயதிலிருந்தே 140 என்றால் வேறு கதை. 2006-ல் டல்லாஸைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத கறுப்பினத்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களின் எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. இதயக்குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு! கொஞ்சம் குறைவு, ஆனால் பிறந்ததிலிருந்து குறைவு. இளம் வயதில் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. இந்திய வழிகாட்டுதல் முதல் ரத்தப் பரிசோதனையை 18 வயதிலேயே எடுக்கச் சொல்கிறது.

முட்டை மீது விழுந்த பழி

1913-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கலந்து கொடுத்தார். முயல்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புத் திட்டுகள் வந்தன. கொலஸ்ட்ராலுக்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய மகத்தான சோதனை அது. ஆனால், தழை தின்னும் முயலின் உடம்பு கொலஸ்ட்ரால் உணவுக்குப் பழகியதல்ல. நம் உடம்பு அப்படியில்லை. நாம் சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் அதிகம் எடுத்தால், பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல்.லை அதைவிட அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும்தான்.

ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம் அளவுதான். ஆரோக்கியமான ஒருவர் தினம் ஒன்று சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. சத்துணவில் குழந்தைக்குக் கிடைக்கும் முட்டையைப் பற்றி எந்தப் பெற்றோரும் கவலைப்பட வேண்டாம். சர்க்கரை நோயோ பரம்பரைக் கொலஸ்ட்ராலோ உள்ளவர்கள் மட்டும் எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அந்த முட்டையை எதில் வறுக்கிறோம், அதோடு எத்தனை பரோட்டா சாப்பிடுகிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எண்ணெய்க்கு வருவோம். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் போட்டிருப்பது உண்மை. ஏனென்றால் எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய 90 சதவீதம். நெய்யில் 60-க்கு மேல். பாமாயிலில் 40-க்கு மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20-க்குக் கீழ். மரச்செக்கில் ஆட்டியதாலேயே இந்த விகிதம் மாறிவிடாது. மணமும் சுவையும் கூடும், விலையும் கூடும். தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெய்தான். பல சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வந்த ஆய்வின்படி, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்துப் புள்ளி ஏற்றுகிறது. சட்னிக்கு அரைக்கும் தேங்காயை இதோடு குழப்ப வேண்டாம், அளவோடு சாப்பிடலாம். தினமும் தாளிப்பு, வறுவல், பொரியல் எல்லாமே தேங்காய் எண்ணெயில் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு பாமாயில் வாங்கிச் சமைக்கும் குடும்பத்திடம் போய் ஆலிவ் ஆயில் வாங்குங்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பாது. அவர்களுக்குச் சொல்லக்கூடியதும் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது: அளவு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் நான்கு, ஐந்து என்று இருக்கும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே சீட்டு சுருங்கும். முடிந்தால் பாமாயிலோடு கடலை எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

வீட்டைவிட வெளியில்தான் கவலை அதிகம். பஜ்ஜிக் கடை வாணலியைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். காலையில் வடைக்குக் காய்ந்த எண்ணெய் மாலையில் பஜ்ஜிக்கு மறுபடி காய்கிறது. கறுத்து, கெட்டியாகி, ஓரத்தில் நுரை அடங்காமல் நிற்கிறது. குறைந்தால் மேலே புது எண்ணெய் ஊற்றுகிறார்கள், பழையதைக் கொட்டுவதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெயின் அமைப்பே கெடும். பொரிக்கும் எண்ணெயில் 'மொத்த போலார் பொருட்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கும் 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று வரம்பு இருக்கிறது. வனஸ்பதி காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால், தெருமுனை வாணலிக்கு அளக்கும் கருவியோடு யார் போய் நிற்பது? நாம்தான் கண்ணால் பார்த்து, கறுத்த எண்ணெய் என்றால் நகர்ந்துவிட வேண்டும்.

இப்போது சோறு. நம் ஓட்டுநரின் டிரைகிளிசரைடு 220 ஆனதற்கு மட்டனைவிடச் சோறுதான் அதிகப் பொறுப்பு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். காலையில் ஆறு இட்லி, மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று ரவுண்டு சோறு, நடுவில் சர்க்கரை போட்ட நான்கு டீ, ராத்திரி பரோட்டா. இவ்வளவு மாவுச்சத்தும் வேனின் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் செலவாகாது. கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றி வி.எல்.டி.எல். என்ற துகளில் ஏற்றி ரத்தத்தில் விடும். அதிலிருப்பதுதான் டிரைகிளிசரைடு. அது கூடக்கூட ஹெச்.டி.எல். இறங்கும். இந்தியர்கள் எடுக்கும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்து என்று இண்டியாப் ஆய்வின் உணவுக் கணக்கு சொல்கிறது. மதுவும் இதே வழியில் டிரைகிளிசரைடை ஏற்றும். அது 500-ஐத் தாண்டினால் இதயத்தைவிட முதலில் கணையம் ஆபத்தில் சிக்கும். உடனே சிகிச்சை வேண்டும்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டை மாற்றிப் போடச் சொல்கிறேன். முதலில் பாதித் தட்டுக்குக் காய், கீரை. கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், மீன், முட்டை, தோல் நீக்கிய கோழி இவற்றில் ஒன்று. மிச்சக் கால் தட்டுக்குச் சோறு. சோறு போட்ட பிறகு ஓரத்தில் பொரியல் வைப்பதற்குப் பதில், பொரியல் போட்ட பிறகு இருக்கும் இடத்தில் சோறு. எல்.டி.எல்.லைக் குறைக்கக் கரையும் நார்ச்சத்து உதவும். வெண்டைக்காய், அவரை, கொள்ளு, ராஜ்மா, வெந்தயம், கொய்யா, ஓட்ஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. ஒரு பிடி வேர்க்கடலையோ பாதாமோ நல்லது. மத்தி, அயிலை, நெத்திலி மலிவான மீன்கள். ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தவை. குழம்பாக வையுங்கள், பொரித்தால் பாதிப் பலன் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றும் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கஷாயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'ஆபரேஷனே வேண்டாம், பிளாக் கரைந்துவிடும்' என்ற வாக்கியத்தோடு வரும். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் இருக்கும் அடைப்பை இது கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சமையலில் பூண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால், ஆஞ்சியோவில் அடைப்பு என்று தெரிந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பி உட்காருவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இதை ஃபார்வர்ட் செய்பவர்களை கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அனுப்பாதீர்கள்.

கியோட்டோ அரிசியில் கிடைத்த மருந்து

உணவையும் நடையையும் ஒழுங்காகச் சரிசெய்தால் டிரைகிளிசரைடு வெகுவாக இறங்கும், எல்.டி.எல். ஓரளவுதான் இறங்கும். சிலருக்கு அந்த ஓரளவு போதும். போதாதவர்களுக்கு மாத்திரை வேண்டும். அந்த மாத்திரையின் கதை வடக்கு ஜப்பானின் அகிதா மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவனில் தொடங்குகிறது. அகிரா எண்டோ என்ற அவருக்குச் சிறுவயதிலிருந்தே காளான், பூஞ்சை மீது ஆர்வம். சாங்கியோ மருந்து நிறுவனத்தில் சேர்ந்தவர், 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆராய்ச்சிக்குப் போனபோது அங்கே மாரடைப்பு எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதைப் பார்த்தார். பூஞ்சைகள் தங்களைத் தாக்கும் கிருமிகளின் கொலஸ்ட்ரால் தயாரிப்பை முடக்கும் பொருள் எதையாவது சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். திரும்பி வந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றில் தேடியது கிடைத்தது. 1973-ல் காம்பாக்டின் என்ற முதல் ஸ்டேட்டின் பிறந்தது.

அதே காலத்தில் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும், சிறுவயதிலேயே மாரடைப்பு வரும் குழந்தைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் செல்லின் மேல் இருக்கின்றன, அந்தக் குழந்தைகளுக்கு அவை இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசு வந்தது. ஸ்டேட்டின் எப்படி வேலை செய்கிறது என்பதும் அதிலிருந்து விளங்கியது. கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பை ஸ்டேட்டின் தடுக்கும். தயாரிப்பு குறைந்த கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை வெளியே அனுப்பி, ரத்தத்தில் உள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும்.

காம்பாக்டின் விற்பனைக்கு வரவில்லை. அதன் உறவான லோவாஸ்டேட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், சிம்வாஸ்டேட்டின் எடுத்தவர்களின் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. எல்.டி.எல்.லை ஏறக்குறைய 39 புள்ளி குறைத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்பது பல லட்சம் பேரிடம் கண்ட கணக்கு. எண்டோவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2024-ல், 90 வயதில் காலமானார். கோடிக்கணக்கானவர்கள் தினமும் இரவில் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் இந்த மனிதர் இருக்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்திலும் இவர் இருக்கிறார். நெஞ்சுவலியோடு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரலோடும் அட்டோர்வாஸ்டேட்டினும் உண்டு.

இவ்வளவு ஆதாரம் உள்ள மருந்தைத்தான் நம் வீடுகளில் மூன்றே மாதத்தில் நிறுத்துகிறார்கள். 'நார்மலுக்கு வந்துடுச்சு, இனி எதுக்கு?' இந்தக் கேள்வியால் இறந்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். எண் இறங்கியது மாத்திரையால். மாத்திரை நின்றால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே ஏறும். அடுத்த காரணம் பயம். தசைவலி வரும், லிவர் போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தசைவலி சிலருக்கு உண்மையாகவே வரும். ஆனால், லண்டன் இம்பீரியல் காலேஜில் 2020-ல் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். பக்கவிளைவால் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் வெறும் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டேட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது! வலி பொய்யல்ல, அதன் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல. வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம், எஸெடிமைப் என்ற வேறு மருந்தைச் சேர்க்கலாம். ஆண்டுக்கு இரண்டே ஊசியில் எல்.டி.எல்.லைப் பாதியாக்கும் இன்க்ளிசிரான்கூட வந்துவிட்டது. விலைதான் எளியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சர்க்கரை அளவை ஸ்டேட்டின் லேசாக ஏற்றலாம் என்பது உண்மை. தேவை உள்ளவருக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு தகவல். எல்.டி.எல். திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், தைராய்டைச் சரிசெய்தால் அதுவும் இறங்கும். மாதவிடாய் நின்ற பிறகும் எல்.டி.எல். ஏறுவது வழக்கம். கணவரின் ரிப்போர்ட்டை ஃபைல் போட்டு வைக்கும் பல பெண்கள் தங்களுக்கு ஒரு முறைகூட டெஸ்ட் எடுத்ததில்லை. அடுத்த முறை இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

பரம்பரையில் வருவது

வாழ்நாளில் ஒரே ஒரு முறை எடுத்தால் போதும் என்ற டெஸ்ட் ஒன்று இருக்கிறது: லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வேயின் கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்த துகள் இது. இதன் அளவு மரபணுவிலேயே எழுதப்பட்டது. சோற்றைக் குறைத்தாலும் நடந்தாலும் மாறாது. நம் பகுதி மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது கூடுதல். 50-க்கு மேல் இருந்தால் மற்ற எல்லா எண்களையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அர்த்தம். சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, மெலிந்த உடம்பு, 38 வயதில் மாரடைப்பு என்று கேள்விப்படும் சில கதைகளின் பின்னால் இது இருக்கலாம்.

இன்னொன்று பரம்பரை ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா. 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்களின் எல்.டி.எல். பிறப்பிலிருந்தே கூடுதல்; பெரியவர்களானதும் பெரும்பாலும் 190-க்கு மேல் போகும். குதிகால் தசைநாண் தடித்திருப்பது, விரல் முட்டிகளில் கொழுப்பு முடிச்சுகள், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் ஆகியவை இதன் அடையாளங்கள். பலருக்கு எந்த அடையாளமும் இருக்காது. பத்தியத்தால் மட்டும் இதை வெல்ல முடியாது. மருந்து வேண்டும், சீக்கிரமே வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆகவே, உங்கள் வீட்டில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அல்லது யாருக்காவது எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால், அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் ஒரு லிப்பிட் புரொஃபைல் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிப் பருவத்திலேயே எடுக்கலாம்.